ஜாக்கெட்டுக்கு மேலே மண்டையோடு

ஜென்சி கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். கண்ணாடிக்குள் ஒரு சூனியக்காரி பல்லைக் காட்டினாள்.

பேய் வேடம் போட்டு வீடுவீடாகப் போய் இனிப்பு வாங்கும் ஹலோவீனுக்காக அவள் செய்த நகைகள் எல்லாமே பயங்கரமாக வந்திருந்தன. கழுத்தில் மண்டையோட்டு மாலை. வெள்ளைக் களிமண்ணை உருட்டி, ஊசியால் கண்குழி குத்தி, காயவைத்துக் கோத்தது. காதுகளில் கறுப்புப் பொத்தான் சிலந்திகள். விரல்களில் கண்முழி மோதிரங்கள். அந்தக் கண்களில் ஓடிய சிவப்பு நரம்புகள் அம்மாவின் கியூட்டெக்ஸ் நகப்பூச்சு.

"ஜென்சி, குளிர் ஜாக்கெட்டைப் போட்டிட்டு வெளிக்கிடு!" என்று கீழேயிருந்து அம்மா கூப்பிட்டார்.

"சூனியக்காரியள் ஜாக்கெட் போடுறேல்லை அம்மா."

"எங்கட பியர்பொன்ட்ஸ் ஊரில இருக்கிற சூனியக்காரியள் போடுவினம். வெளிய காத்தைப் பார்."

ஜாக்கெட் வந்தது. சிப்பைக் கழுத்துவரை இழுத்ததும் மாலை மறைந்தது. கம்பளித் தொப்பி வந்தது, சிலந்திகள் மறைந்தன. கையுறை வந்தது, கண்முழிகளும் போய்விட்டன.

கண்ணாடியில் இப்போது நின்றது, காலையில் பள்ளிக்கூட பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அதே ஜென்சிதான்.

"ஐயோ! ஆருக்கும் தெரியாட்டி நான் ஏன் ஒரு கிழமையா இருந்து இதுகளைச் செய்தனான்?"

"காய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது? நீயோ?"

ஜென்சி கீழே இறங்கினாள். வாசலில் தம்பி றொக்சன் நின்றான். அவனுக்கு ஐந்து வயது. எலும்புக்கூட்டு உடுப்புப் போட்டிருந்தான். ஆனால் புசுபுசுவென்ற ஊதா ஜாக்கெட்டுக்கு வெளியே ஒரு எலும்புகூடத் தெரியவில்லை.

"அக்கா, நான் என்ன மாதிரி இருக்கிறன்?"

"கத்தரிக்காய் மாதிரி."

அவனுடைய உதடு பிதுங்கியது.

அப்போது அழைப்புமணி அடித்தது. பக்கத்து வீட்டுச் செலீன். வௌவால் வேடம் போட்டிருந்தவள், முதுகில் பெரிய கூனோடு நின்றாள்.

"அம்மா சிறகை ஜாக்கெட்டுக்குள்ள விட்டுப் பூட்டிட்டா," என்று மூக்கை உறிஞ்சினாள். "எல்லாரும் என்னை ஒட்டகம் எண்டு நினைக்கப் போயினம்."

ஜென்சிக்குப் பொறுமை போய்விட்டது. கையுறைகளைக் கழற்றி எறிந்தாள். மாலையை வெளியே எடுத்து ஜாக்கெட்டின் மேல் போட்டுப் பார்த்தாள். தடித்த கழுத்துப்பட்டியைச் சுற்ற நூல் எட்டவில்லை. இழுத்தாலும் எட்டவில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். நறுக்!

மண்டையோடுகள் தரையெங்கும் உருண்டன.

"அக்கா! மாலையை உடைச்சிட்டாய்!"

"தெரியும். கதைக்காமல் பொறுக்கு."

அம்மாவின் கம்பளி நூலில் நீளமாக ஒரு துண்டு வெட்டினாள். எல்லா மண்டையோட்டையும் அதில் கோத்தால் ஜாக்கெட்டைச் சுற்றி அழகாக வரும். ஊசியில் நூலையும் கோத்துவிட்டாள்.

செலீன் மறுபடியும் மூக்கை உறிஞ்சினாள். றொக்சன் சப்பாத்துத் தட்டின் அடியிலிருந்து ஒரு மண்டையோட்டை எடுத்து, தூசியை ஊதித் துடைத்து, கவனமாக அக்காவின் கையில் வைத்தான்.

ஜென்சி நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி, சரி! ஒரு கத்தரிக்காயோடையும் ஒட்டகத்தோடையும் என்னால ரோட்டில நடக்க ஏலாது. ரெண்டு பேரும் கிட்ட வாங்கோ."

மண்டையோடுகளை மூன்று மாலைகளாகக் கோத்தாள். ஒவ்வொன்றும் ஐதாகத்தான் இருந்தது. இடைவெளிகளில் கண்முழிகளைக் கட்டித் தொங்கவிட்டாள். ஒரு சிலந்தியை றொக்சனின் தொப்பியில் மாட்டினாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு அதைச் செலீனின் கூன் உச்சியில் குத்தினாள்.

"குத்துதே!" என்றாள் செலீன்.

"பொய் சொல்லாதை. ஜாக்கெட் அவ்வளவு மொத்தம்."

முதல் வீட்டில் கதவைத் திறந்த மாமி, "பொன்சுவார்!" என்று பிரெஞ்சில் மாலை வணக்கம் சொல்லிச் சிரித்தார். மண்டையோடுகளைப் பார்த்தார், சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. கண்முழிகளைப் பார்த்தார், இன்னும் குறைந்தது. அந்த நேரம் பார்த்து, பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நினைத்துச் செலீன் திரும்பினாள்.

கூனின் மேல் சிலந்தி ஆடியது.

"வீல்!" என்று மாமி கத்தினார்.

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. கதவு மறுபடி திறந்தது. மாமி ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சொக்கலேட்டை அள்ளி அள்ளிப் பைகளில் போட்டார்.

"செலீன்," என்றாள் ஜென்சி, படியிறங்கும்போதே. "அடுத்த வீட்டில நீ முதலே திரும்பி நில்."