அலுப்புப் பேழை

தன் பழுது பார்க்கும் கடையில் மொகுதூம் பாய் மறுபடியும் கம்பியை மாற்றிச் செருகினார். பேழையின் பச்சை விளக்கு ஒருமுறை இமைத்துவிட்டு அணைந்தது. உள்ளே ஏதோ டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. கணினித் திரையில் அதே வரி: ‘பேழையைப் படிக்க இயலவில்லை.’

“கம்பி மேல குத்தமில்ல யக்கா. மின்சாரம் பத்தலையோன்னு தனியாக் குடுத்தும் பாத்துட்டேன்.”

அமலோற்பவம் ஸ்டூலில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடற்கட்டிக் கிடங்கில் ஷிப்ட் முடிந்து, இறக்கிவிட்டு, குளித்து, பவுடர் பூசி வந்திருந்தாள்.

ஆழ்கடலிலிருந்து அள்ளிவரும் உலோகக் கட்டிகளை ஓடும் பட்டையிலிருந்து பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை. முடிந்ததும் எல்லாரும் இறக்குக்கூடத்தில் வரிசை கட்டுவார்கள். நெற்றியில் வளையத்தை மாட்டினால் அன்றைய நாளின் நினைவு, அலுப்பு, வலி எல்லாம் மொத்தமாக உள்ளங்கை அளவுப் பேழைக்குள் இறங்கிவிடும். கை பழகினது கையோடு நிற்கும். நாள் மட்டும் போய்விடும். பேழையை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். யாரும் திறந்து பார்த்ததில்லை. கழற்றிப் போட்ட அலுப்பை எவன் மறுபடி எடுத்து மாட்டுவான்? கட்டிலுக்கு அடியில் எறிவார்கள். ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுப்பார்கள்.

அவளும் புருஷன் தொம்மையும் ஒரே பட்டையில் எதிரெதிரே நின்றவர்கள். விழித்திருந்த நேரமெல்லாம் அங்கேதான். வீட்டுக்கு வந்தால் சோறும் தூக்கமும். போன மாதம் ஒருநாள் அவன் இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். மீன்குழம்பை மறுபடி கேட்டு வாங்கித் தின்றான். படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அவனை நினைத்து அழ உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது: நினைப்பதற்குச் சோறும் தூக்கமும் தவிர ஒன்றுமில்லை. சேர்ந்து வாழ்ந்ததெல்லாம் பேழைகளில் கிடக்கிறது. அந்தக் கடைசி நாளாவது வேண்டும் என்றுதான், அன்றைக்குத் தான் இறக்கிய பேழையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் வேறொரு வரி வந்தது: ‘பேழை வெறுமையாகத் தெரிகிறது. துடைத்துப் புதிதாக்கவா?’

அவள் விரல் ‘ஆம்’ பக்கம் போனது. பாய் பதறிப்போய்க் கையைத் தட்டிவிட்டார்.

“யக்கா! அதத் தொட்டீங்கன்னா அண்ணன் போயிருவாரு!”

“ஏற்கெனவே போயிட்டாருல்லா பாய்.”

பாய் மூக்கைச் சொறிந்தார். பேழையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இறக்கிட்டுத்தான வந்தீங்க?”

“பின்ன? வேர்வை நாத்தத்தோடயா வருவாவ?”

“அதான் சங்கதின்னு தோணுது. இங்க எப்பவோ வந்த ஒண்ணு ரெண்டு பேரும் பூவாட்டந்தான் வந்து உக்காந்தாக. ஒருத்தருக்கும் திறக்கல. எழுதுனது அலுத்த உடம்பு. மணிக்கட்டுல மாட்டுத இந்தக் கைப்பட்டி வழியாக் கணினி அந்த நாடியத்தான் தேடுது. நீங்க குளிச்சிட்டு வந்தா, இது வேற ஆளுன்னு மூடிக்கிடுது. நாளைக்கு இறக்காம வாங்க.”

மறுநாள் அவள் வரிசையைத் தாண்டி வாசலுக்கு நடந்தாள்.

“ஏட்டி அமலம், எங்க போற?” என்று வரிசையிலிருந்து ஒருத்தி கத்தினாள்.

“இன்னைக்கு இறக்கல.”

“கிறுக்கா புடிச்சிருக்கு? அம்புட்டையும் சொமந்துகிட்டா போவ?”

சுமந்துகொண்டுதான் போனாள். குதிகால், இடுப்பு, பிடரி என்று ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின. தன் உடம்பில் இத்தனை இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. பஸ் நிறுத்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மறுபடி நடந்தாள்.

பாய் கடையில் கைப்பட்டியை மாட்டியதும் பேழையின் பச்சை விளக்கு அணையாமல் நின்றது. பாய் வளையத்தை அவள் நெற்றியில் பொருத்தினார்.

பட்டை இரைந்து ஓடியது. எதிரே தொம்மை. முகமெல்லாம் வேர்வை. ஒரு கட்டியை எடுத்துக் காட்டி, “உங்க அண்ணன் மூஞ்சி மாதிரியே இருக்கு, பாரு” என்றான். அவள் சிரித்தாள். பிறகு அவன் கட்டியைக் கீழே போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“ஏட்டி, இடது கை மரத்துப் போவுது. நெஞ்ச ஆரோ மிதிக்காப்ல இருக்கு.”

தன் குரல் அவளுக்கே கேட்டது. “அலுப்புதான். வரிசைல முன்னால போயி நில்லும். இறக்குனா எல்லாம் போயிரும்.”

அவன் போய் நின்றான். எல்லாம் போய்த்தான் விட்டது; முதலில் வலி.

அவள் வளையத்தைத் தானே கழற்றினாள். பாய் தண்ணீர் கொடுத்தார்.

“வெறும் பேழை ஒண்ணு கெடக்கு யக்கா. இறக்கிக்கிடுதீகளா? இதும் போயிரும்.”

வேண்டாம் என்று தலையாட்டினாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“பாய், எனக்கும் இங்கன ஒரு கனம் இருக்கு. இது அழுகையா, அலுப்பா, இல்ல அவருக்கு வந்ததா? பாத்துச் சொல்லுங்க.”

பாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடையை மூடியதும் அவரும் தினமும் இறக்குகிறவர்தான்.

“எனக்கு எப்படித் தெரியும் யக்கா?” என்றார். “நான் அலுத்துப் பல வருசம் ஆச்சு.”