அந்தப் பக்கத்து ஆள்

பலகை கீழே சாயவில்லை. அதைப் பார்த்ததும் விஜிதரனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது.

பலகை சீவுகிற மெசின் ஒன்றும் பெரிய மர்மமில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு நீண்ட இரும்பு மேசை, அதன் நடுவில் குறுக்கே ஒரு பிளவு, பிளவுக்குள் கத்தி பூட்டிய உருளை. இந்தப் பக்கம் நின்று பலகையை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினால் கத்தி அடிப்புறத்தைச் சீவும், பலகை அந்தப் பக்கம் போகும். நீளப் பலகை என்றால் பாதிக்கு மேல் போனதும் முனை பாரத்தில் கீழே சாய வேண்டும். இது சாயவில்லை. மேசையைத் தாண்டி வெறும் காற்றில் மட்டமாகப் போய், கடைசியில் அவன் கையை விட்டு நழுவி, சுவரோரமாகச் சத்தமில்லாமல் தரையில் படுத்தது.

"தானா இழுக்குற மெசினு போல," என்று அன்று மாலை மனைவி பூரணியிடம் சொன்னான். "வித்த செல்லசாமிக்கே தெரியல. தெரிஞ்சிருந்தா இந்த வெலைக்குக் குடுத்திருப்பானா?"

பூரணி தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "நீங்க ஒருத்தர நம்பி ஒரு சாமான் வாங்குனதே அதிசயம்," என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. விஜிதரன் பிறவிச் சந்தேகப் பிராணி. கொழுந்து நிறுக்கிற தராசைச் சந்தேகப்படுவான், பேக்கரியில் பாண் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பான், சிரித்துப் பேசுகிற ஆளைக் கண்டால் ஒரு அடி தள்ளி நிற்பான். அப்படிப்பட்டவன் பூண்டுலோயாவுக்குப் போய், ஓட்டிக்கூடப் பார்க்காமல் ஒரு பழைய மெசினை வாங்கி வந்திருந்தான். கரண்ட் இல்லை என்று செல்லசாமி சொன்னபோது பக்கத்துக் கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அது அவன் காதில் விழாமலில்லை. கத்திக்கு மேல் இருக்க வேண்டிய மூடியைக் காணோம் என்பதையும் பார்த்தான். லொறியில் ஏற்றும்போது செல்லசாமி கடைசிவரை ஒரே பக்கத்தில் நின்றுதான் கை கொடுத்தார், சுற்றி வரச் சொன்னதற்கு இடுப்பு வலி என்றார். அதையும் பார்த்தான். கொழும்பு வேலையை விட்டுவிட்டு, போனில் படம் பார்த்துத் தச்சு வேலை பழகியவனுக்குத் தொழில் தொடங்குகிற ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மெசினை லயத்து வீட்டு வரிசையின் கடைசியில் ஆளில்லாமல் கிடந்த ஒற்றையறைக் காம்பராவில் வைத்திருந்தான். பிற்பகலானால் பொகவந்தலாவைப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து, கதவில்லாத வாசல் வழியாக உள்ளே நுழைந்து, தகரக் கூரைக்கடியில் தங்கிவிடும். டர்பன்டைன் மரத்துப் பலகையின் காரமான வாசமும் பழைய மோட்டார் சூடேறுகிற வாசமும் அந்தப் பனியில் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். மெசின் ஓடும்போது வேறு எதுவும் கேட்காது. நிறுத்திய பிறகு உருளை இரைச்சல் குறைந்து குறைந்து அடங்கும்வரை, அந்தப் பக்கம் யாரோ மரச்சுருளைக் காலால் ஒதுக்குகிற மாதிரி ஒரு சரசரப்பு இருக்கும்.

சீவிய சுருள் காம்பரா முழுவதும் பறந்து விழுந்தது. மேசைக்கு அந்தப் பக்கம், பலகையை வாங்குகிறவர் நிற்க வேண்டிய இடத்தில் மட்டும், இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குச் சீமெந்துத் தரை வெறுமையாகக் கிடந்தது.

"நான் இல்லாதப்ப நீ உள்ள போனியா?" என்று பூரணியைக் கேட்டான்.

"எனக்கு வேற வேலையில்லையா?"

அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பொய் சொல்கிறாள் என்று தோன்றியது. பிறகு, பலகை திருட வருகிற பக்கத்து லயத்துக் கஜேந்திரனாக இருக்கும் என்று தோன்றியது. கூட்டாமல் விட்டு, வாசலில் சாக்கைக் கட்டித் தைத்துவிட்டுப் போனான். மறுநாள் சாக்கு அப்படியே இருந்தது. அந்த இரண்டு இடமும் அப்படியே இருந்தன. ஈரமாக இருந்தன.

அதே மாதிரி மெசின் ஒன்றைப் போனில் தேடிப் பார்த்தான். வீடியோவில் சொல்லிக்கொடுத்த ஆள் நிதானமாக விளக்கினார். கத்தி சுற்றுவது தள்ளுகிறவரை நோக்கி. அது பலகையைத் திருப்பித்தான் தள்ளும், ஒருநாளும் இழுக்காது.

செல்லசாமிக்குப் போன் போட்டான்.

"அண்ணே, இந்த மெசினு இழுக்குதே."

"இன்னமும் இழுக்குதா?"

"என்னாண்ணே சொல்றீங்க?"

"அந்தப் பக்கம் யாரையாச்சும் நிப்பாட்டியிருக்கீங்களா தம்பி?"

"இல்ல."

"அப்ப சரி. அப்புடியே இருக்கட்டும். ஆள் மட்டும் போட்டுறாதீங்க."

அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. பயமுறுத்தி மெசினைத் திருப்பி வாங்கப் பார்க்கிறான் என்று விஜிதரன் முடிவு செய்துகொண்டான். அப்படி நினைத்தால்தான் உள்ளே போக முடிந்தது.

அடுத்த பலகையில் இழுப்பு வெடுக்கென்று வந்தது. பலகையோடு அவன் கையும் போனது. கத்தியின் காற்று விரலில் பட்டது. கையை உதறி எடுத்துப் பார்த்தபோது வலது பெருவிரல் நகத்தின் நுனி வழுவழுவென்று சீவப்பட்டிருந்தது. இரத்தமில்லை. அவன் வாசலில் உட்கார்ந்து இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான். தோட்டத்து வேலை அவனுக்கு வராது, கொழும்புக்குத் திரும்பிப் போக மனமில்லை. காளியாயியின் புது வீட்டுக்குக் கதவு செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருந்தான். அவனிடம் இருந்ததெல்லாம் இந்த இரண்டு கைதான்.

அன்று பூரணியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை.

"மலையில ஒரு நிரை காலியா கெடந்தா எவளாச்சும் ஏறத்தான் செய்வா," என்றாள். தேயிலைச் செடி வரிசையில் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்தெடுத்தே வளர்ந்தவள் அவள். "நிரைக்காரி வந்து நின்னுட்டா, ஏறுனவ வேற நிரை பாத்துப் போயிருவா. நீங்க அந்த எடத்த வெறுமையா விட்டதுதான் தப்பு. ஞாயித்துக்கெழம நான் வந்து நிக்கிறேன்."

செல்லசாமி சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் செல்லசாமியின் பேச்சையா கேட்பது? இத்தனை வருடத்தில் பூரணி ஒருத்தியின் பேச்சுத்தான் அவனுக்குப் பொய்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை பனி மத்தியானத்திலேயே ஏறிவிட்டது. பூரணி அந்த வெறும் தரையில் காலை வைத்து நின்றாள். "குளிருது," என்றாள். கையை நீட்டிக்கொண்டாள்.

விஜிதரன் சுவிட்சைப் போட்டான். முதல் பலகை. பாதி போனதும் முனை சாய்ந்தது. பாரமாக, ஒழுங்காக, பலகை சாய வேண்டிய விதத்தில் சாய்ந்தது. பூரணி தாங்கிப் பிடித்து வாங்கினாள். இழுப்பு இல்லை. எதிர்த் தள்ளல் உள்ளங்கையில் தெரிந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. பூரணி தலையை ஆட்டிச் சிரித்தாள்.

இரண்டாவது பலகை. குட்டையான பலகை. இது இலேசாகப் போனது. நல்ல சாணை பிடித்த கத்தி என்று நினைத்தான். இன்னும் இலேசாகப் போனது. அவன் தள்ளவேயில்லை.

பூரணியின் சிரிப்பு நின்றது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குமேல் பார்த்தாள். வாய் திறந்து ஏதோ சொன்னாள். மெசின் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். உதடு மட்டும் அசைந்தது.

முதுகில் ஈரம். சட்டை ஒட்டியது. கழுத்தருகே மூச்சில்லாத ஒரு குளிர்.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

குனிந்தான். அவன் கைகளின் மேல் இரண்டு கைகள். ஊறி வெளுத்தவை. விரல்கள் நடுவிலேயே முடிந்திருந்தன. எல்லாம் ஒரே மட்டத்தில். வழுவழுவென்று. சீவிய பலகை மாதிரி.

பூரணி கத்தினாள். அதுவும் கேட்கவில்லை. பலகை முழுவதும் அவள் கைக்குப் போய்விட்டது. அவன் உள்ளங்கைக்கடியில் வெறும் இரும்பு, அதற்கு முன்னால் கத்தி.

அந்தக் கைகள் தள்ளுவதை நிறுத்தவில்லை.