பால்பல் சுவர்

பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். சீசன் முடிந்து பொழுதுபோக்குப் பூங்கா மூடிக் கிடந்தது. காலை பதினொரு மணி வெயில் சுள்ளென்று அடித்தது. டிக்கெட் கவுன்டர்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். ராட்டினக் குதிரைகளைக் கழற்றி, தண்டனை வாங்கிய பிள்ளைகளைப் போல, சுவரைப் பார்த்து நிறுத்தியிருந்தார்கள்.

பல் டாக்டர் முன்னால் நடந்தாள். அவளுடைய தம்பி, பெயின்ட் கடைக்காரன், பத்தடி தள்ளிப் பின்னால் வந்தான். அக்காவும் தம்பியும் பேசி ஆறு மாதம் ஆகிறது. சொத்துத் தகராறு என்றால்கூட ஊர் நம்பும். இது ஒரு கட்டடத்துக்காக வந்த சண்டை.

கட்டடத்தின் பெயர் வாய் மாளிகை. பூங்கா திறந்த நாளிலிருந்து இருப்பது. முகப்பே ஒரு பூதத்தின் திறந்த வாய். நாக்கின் மேல் நடந்து தொண்டைக்குள் போனால் வளைந்து வளைந்து ஒரு இருட்டுப் பாதை, அதன் முடிவில் சவாரி வண்டி. அந்தப் பாதையில் வரிசையில் காத்து நின்ற ஏதோ ஒரு பிள்ளை என்றைக்கோ ஆரம்பித்து வைத்த வழக்கம்தான் இத்தனைக்கும் காரணம். விழுந்த பால்பல்லை, மென்ற சூயிங்கத்தில் பதித்து, சுவரில் ஒட்டுவது. பூதத்துக்கு ஒரு பல் கொடுத்தால் நமக்கு முத்துப் போலப் பல் முளைக்குமாம். நாற்பது வருடமாக ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அதை இடித்துவிட்டுக் கண்ணாடியும் திரையுமாகப் புதிதாகக் கட்டப் போகிறோம் என்று நிர்வாகம் அறிவித்ததும், பூங்காவின் ரசிகர் மன்றம் இரண்டாகப் பிளந்தது. ஒரு சூயிங்கத்தைக்கூடத் தொடக் கூடாது என்றது பழசு கோஷ்டி. அதற்குத் தலைவி டாக்டர். எச்சில் சுவரைக் கட்டிக்கொண்டு நீங்களே அழுங்கள் என்றது புதுசு கோஷ்டி. அதற்குத் தலைவன் தம்பி. மன்றத்து வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி பகலாக அடிதடி. "உங்க அப்பாவும் பழசுதானே, இடிச்சிடலாமா?" என்று ஒருவர் போட்டால், "பாரம்பரியம்னா போய் அந்தச் சுவரை நக்கிட்டு வாங்க, ருசியா இருக்கும்" என்று இன்னொருவர் போடுவார். வளர்ந்த மனிதர்கள், மீசை வைத்தவர்கள், இப்படி. கடைசியில் நிர்வாகம், கோஷ்டிக்கு ஒரு பிரதிநிதியை அனுப்புங்கள், நேரில் பார்த்து எழுதிக் கொடுங்கள், அதன்படி செய்கிறோம் என்று சொல்லிவிட்டது.

டாக்டருக்கு இது வெறும் மன்றத்துக் கௌரவம் இல்லை. அவளுடைய ஏழு வயது மகள், பென்சிலைக் கொறித்தே தீர்ப்பதால் வீட்டில் எலிக்குட்டி, அன்று காலை முன்பல்லை நாக்கால் ஆட்டிக் காட்டியிருந்தாள்.

"விழுந்ததும் உன் பல்லு பக்கத்துல ஒட்டணும். சத்தியம் பண்ணியிருக்கே."

"ஒட்டலாம்டி. அம்மா அதுக்குத்தானே சண்டை போடறேன்."

ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்றத்துக்காரர்களில் பாதிப் பேர் டாக்டரிடம் பல் கட்டிக்கொண்டவர்கள். ஆளுக்கு ஒரு பல் குறையும். அவளுக்கே மேல்வரிசையில் ஒரு முன்பல் முளைக்கவில்லை. இருப்பது கட்டிய பல். தம்பிக்கும் அப்படித்தான். குடும்ப வாகு என்று விட்டுவிட்டாள். உறவே இல்லாத இத்தனை பேருக்கு எப்படி ஒரே குடும்ப வாகு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. விளக்கடியில்தான் இருட்டு.

பூங்கா இன்ஜினியர் பூட்டைத் திறந்தார்.

முதலில் வந்தது நாற்றம்.

தினமும் முப்பது வாய்களுக்குள் மூக்கை நீட்டுகிறவள் அவள். ஆனால் இந்த நாற்றத்துக்குக் கையால் மூக்கை மூடிக்கொண்டாள். இனிப்பும் சீழும் கலந்த நாற்றம். மாதக்கணக்கில் அடியில் அழுகிக் கிடந்த பல்லைத் திறக்கும்போது குப்பென்று வருமே, அதேதான், ஒரு கட்டடம் நிறைய.

"அவங்ககிட்ட சொல்லுங்க சார்" என்றான் தம்பி இன்ஜினியரிடம். "மூக்கை மூடிக்காம ஒரு நிமிஷம் நிக்கட்டும், பாக்கலாம்."

"அவர்கிட்ட சொல்லுங்க. இதெல்லாம் எனக்குப் பழக்கம்."

"ரெண்டு பேரும் பக்கத்துலதானே நிக்கறீங்க மேடம்" என்றார் இன்ஜினியர் பரிதாபமாக. "ஈரம் இறங்குது. அதான் இந்த நாத்தம். பெயின்டர் ஒருத்தரும் உள்ள வர மாட்டேங்கறாங்க. இருங்க, லைட் மெயினைப் பாத்துட்டு வரேன்."

அவருடைய செருப்புச் சத்தம் தேய்ந்து போனது. டாக்டர் டார்ச்சை அடித்தாள்.

இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அது படிந்திருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிய சூயிங்கம், ரோஸ், பச்சை, சாம்பல், கறுப்பு. ஓரங்களில் முடி ஒட்டியிருந்தது. இடையிடையே ஆயிரக்கணக்கில் குட்டிப் பற்கள். இதையா நான் ஆறு மாதமாகப் பொக்கிஷம் என்று எழுதினேன் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. அவ்வளவு சர்க்கரை ஒட்டிய சுவரில் ஓர் எறும்புகூட இல்லை என்பதையும் கவனித்தாள்.

சுவர் ஈரமாக மினுமினுத்தது. மழைத் தண்ணீர் அப்படிக் கொழகொழவென்று நூல் இழுக்காது.

மூன்றாவது தூணின் கைப்பிடிக்குக் கீழே, பச்சை சூயிங்கம். அவளுடைய இடம். ஏழு வயதில் ஒட்டியது. கையுறை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

அங்கே பால்பல் இல்லை.

ஒரு முழுப் பல் இருந்தது.

பெரியவர்களுக்கு இருக்கும் அகலமான முன்பல். வெட்டும் ஓரத்துக்கு மேலே சாய்ந்த பிறை மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. கண்ணாடியில் தினமும் பார்க்கிற புள்ளி அது. அவளுடைய இன்னொரு முன்பல்லில் அதே இடத்தில், அதே பிறை, எதிர்ப்பக்கம் சாய்ந்து இருக்கிறது. இது அதன் ஜோடி. இது அவளுக்கு முளைக்காத பல்.

டார்ச் வெளிச்சம் நகர்ந்தது. பக்கத்தில் இன்னொரு பெரிய பல். மேலே மேலே அப்படியே. சில இடங்களில் பால்பல் ஆடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து எதுவோ தள்ளிக்கொண்டிருந்தது.

பையிலிருந்து பல் குத்திப் பார்க்கும் எஃகுக் கம்பியை எடுத்தாள். பச்சை சூயிங்கத்தில் லேசாக வைத்தாள். வெதுவெதுப்பாக ஆவி வந்தது.

கம்பியை அது கடித்தது.

"அக்கா."

ஆறு மாதத்துக்குப் பிறகு தம்பி கூப்பிட்ட முதல் வார்த்தை.

"அக்கா, சத்தம் கேக்குதா?"

கேட்டது. பாதை நெடுக, இரண்டு பக்கமும், அவசரமே இல்லாமல், வாயை மூடிக்கொண்டு எதையோ அசைபோடும் சத்தம்.

கம்பியை விட்டுவிட்டு அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். வெயிலில் வந்து விழுந்ததும் இரண்டு பேரும் பூச்செடி ஓரத்தில் வாந்தி எடுத்தார்கள்.

"உண்மையைச் சொல்லிடலாம்க்கா."

"யாருடா நம்புவா? சுவத்துல பல்லு முளைக்குதுன்னு பல் டாக்டர் சொன்னா, என் க்ளினிக்குக்கு அப்புறம் ஈ கூட வராது."

அதுதான் அவள் செய்த தப்பு. சுவரைப் பெயர்த்து எரித்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். காரணம்: ஈரம், பூஞ்சை.

பழசு கோஷ்டி கொதித்தது. தம்பிக்காகத் தலைவி விலை போய்விட்டாள் என்றார்கள். பிறகு ஒருவருக்கு யோசனை உதித்தது, ரசிகர்களுக்கு மட்டுமே உதிக்கக்கூடிய யோசனை. "பூஞ்சைதானே? துண்டு துண்டா வெட்டிக் கண்ணாடிப் பெட்டில போட்டு, அவங்கவங்க பல்லை அவங்கவங்களுக்கே குடுத்துடுங்க." புதுசு கோஷ்டியும் கை தட்டியது. நிர்வாகத்துக்கு எரிக்கிற வேலை மிச்சம்.

"தயவுசெஞ்சு வேண்டாம். எரிச்சிடுங்க" என்று இரண்டு நாள் மன்றாடினாள் டாக்டர்.

"காரணம் சொல்லுங்க டாக்டர்."

வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டாள். மூன்றாம் நாள் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். நானூறு பெட்டிகள் நானூறு வீடுகளுக்குப் போயின. பெட்டி எதுவும் வந்தால் வாங்காதே என்று வேலைக்காரம்மாவிடம் சொல்லி வைத்தாள். எதுவும் வரவில்லை. தம்பி மறுபடி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர ஆரம்பித்தான். எலிக்குட்டிக்குப் பல் விழுந்தது. எங்கே என்று கேட்டதற்குத் தொலைந்துவிட்டது என்றாள். சுவர்தான் போயிற்றே, பிள்ளை பிழைத்தது என்று டாக்டர் மூச்சு விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரே வாரத்தில் க்ளினிக்குக்கு ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். எல்லாம் மன்றத்து வீட்டுப் பிள்ளைகள். விழுந்த பல் முளைக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்தாள். எலும்புக்குள் இருக்க வேண்டிய பல் இல்லை.

அன்று மத்தியானமே எலிக்குட்டியைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்து உட்கார வைத்தாள். நான்கு மாதம் முன்பு எடுத்த படத்தில் அந்தப் புதுப் பல் இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. இன்றைய படத்தில் அந்த இடம் காலி.

"பல்லை எங்கடி வெச்சே?"

எலிக்குட்டி அழுதாள். பிறகு வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். கண்ணாடிப் பெட்டி. மேலே ஒரு சீட்டு: எங்கள் முன்னாள் தலைவிக்கு, மூன்றாவது தூண், உங்கள் பொக்கிஷம். வாசலில் இருந்ததை வேலைக்காரம்மாவுக்கு முன்னால் இவள் எடுத்திருக்கிறாள்.

"நீதானே சத்தியம் பண்ணே. சுவத்தை இடிச்சிட்டாங்க. அதான் நானே ஒட்டிட்டேன்."

டாக்டர் மூடியைத் திறந்தாள். அந்த நாற்றம் அறையை நிறைத்தது. பச்சைக் கட்டியில் பிறைப் புள்ளி வைத்த பல். பக்கத்தில் ரோஸ் சூயிங்கத்தில், பால்பல்லைத் தள்ளிவிட்டுப் பாதி எழும்பிய ஒரு புதுப் பல். அதன் ஓரத்தில் மூன்று சின்ன மேடுகள். அப்போதுதான் முளைக்கிற பல்லுக்கு மட்டும் இருக்கும் மேடுகள்.

டாக்டர் பையிலிருந்து பல் பிடுங்கும் குறட்டை எடுத்தாள். புதுப் பல்லைப் பிடித்து ஒரு திருகு திருகினாள்.

எலிக்குட்டி அலறினாள். வாயைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டாள். விரல் இடுக்கில் ரத்தம் வந்தது.

குறடு கீழே விழுந்தது.

"என்னடி செல்லம், எங்க வலிக்குது? காட்டு, அம்மாகிட்ட காட்டு."

"அதைத் தொடாதேம்மா." பிள்ளை தேம்பிக்கொண்டே சொன்னது. "அது காஞ்சாலும் எனக்கு வலிக்கும். புதுசா மென்னு குடுத்தாச் சரியாயிடும். நான் தினமும் குடுப்பேன். இப்போ என்னால மெல்ல முடியல. நீ மென்னு குடும்மா."

தலையணைக்கு அடியில் சூயிங்கம் பாக்கெட் இருந்தது. வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் இந்தச் சனியனைத் தொடாதே என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வழிய, குமட்டலை அடக்கிக்கொண்டு மென்றாள். இனிப்புக்கு அடியில் சீழின் ருசி இருந்தது. எலிக்குட்டியின் விசும்பல் மெதுவாக அடங்கியது.

எடுத்துப் பெட்டிக்குள் அப்பினாள். அது வெதுவெதுப்பாக விரலை உள்ளே இழுத்துப் பார்த்துவிட்டு விட்டது.

"இப்போ வலி இல்லம்மா" என்றாள் எலிக்குட்டி.

டாக்டர் வாயை இறுக மூடிக்கொண்டாள். பெட்டிக்குள் மெல்லும் சத்தம் நிற்கவில்லை.