சுத்தியல் விழும் வரை

"இந்த வருஷமும் அவ வரமாட்டா, பாரு."

மாமியார் சுன்னே இதை மகளிடம்தான் சொன்னாள். ஆனால் குரல் அடுப்படிக்குப் போனது. அங்கே மருமகள் ஓக்ரான் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

புத்தாண்டுப் படையலுக்கு இன்னும் நான்கு நாள். அதற்கு முன் வீட்டுப் பெண்கள் சேர்ந்து பொதுக் குளியலகத்துக்குப் போவார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்து, போன வருஷத்து அழுக்கை அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். ஓக்ரான் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம். அதில் இருபத்துநான்கு வருஷம் அத்தையின் முதுகைத் தேய்த்தது அவள்தான். கடைசி இரண்டு வருஷம் போகவில்லை.

"எம்.பி. பொண்டாட்டி இல்லையாம்மா," என்றாள் நாத்தனார் புன்ஹி. நேற்றுதான் தேஜான் நகரத்திலிருந்து வந்திருந்தாள். "நம்மளோட துணி கழட்டி உக்காந்தா மதிப்பு என்னாவறது!"

"அப்படியில்லக்கா... பலகாரத்துக்கு மாவு..."

"மாவு எங்கேயும் ஓடிடாது." மாமியார் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். எழுபத்தொன்பது வயதிலும் பார்வை கூர்மை. "நேராவே கேக்குறேன். என் உடம்பு உனக்கு அருவருப்பா இருக்கா? கெழவி, தோல் தொங்குதேன்னு..."

"ஐயோ அத்தை! என்ன பேச்சு இது!"

"பின்ன என்ன? அந்த வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போடுற வாரமாப் பாத்து உங்கம்மா வீட்டுக்குப் போன. பத்து நாள்! நூறு முட்டைக்கோசை என் தலையில கட்டிட்டு. திரும்பி வந்ததுலேருந்து ஜாடியைத் தூக்கமாட்ட, குளிக்க வரமாட்ட... நான் என்ன பாவம் செஞ்சேன் உனக்கு?"

ஓக்ரான் நறுக்கிய முள்ளங்கியைச் சட்டிக்குள் தள்ளினாள்.

"இன்னிக்கு நீ வரலைன்னா நாளைக்கே புன்ஹியோட கெளம்பிடுவேன். படையலை நீங்களே போட்டுக்கோங்க."

மகன் இருக்க, பண்டிகைக்குத் தாய் மகள் வீட்டுக்குப் போவது இந்தக் குன்சான் ஊரில் சின்ன விஷயமில்லை. அந்த வீட்டில் என்னவோ முறிந்துவிட்டது என்று ஊர் பேசும். மாமியாரும் சொன்னால் செய்கிறவள்.

ஓக்ரான் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்து. சியோலில் நாடாளுமன்றம் கூடுவது இரண்டு மணிக்கு.

"வரேன் அத்தை. ரெண்டு மணிக்குப் போலாமா?"

அந்தப் பத்து நாள் அவள் அம்மா வீட்டில் இல்லை. சியோலில், மருத்துவமனையில் இருந்தாள். இடது மார்பை எடுத்தார்கள். அக்குளிலிருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தார்கள். அந்தக் கையால் இனி பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். கணவர் தேசொப்புக்கு மட்டும் தெரியும்.

மார்புப் புற்றுநோய்க்காரர்களுக்குக் காப்பீட்டை விரிவாக்கும் மசோதாவை அவர் அதற்கு ஆறு மாதம் முன்பே சபையில் வைத்திருந்தார். விலை உயர்ந்த மருந்து, எடுத்த மார்பைத் திரும்ப அமைக்கும் சிகிச்சை, வீங்கும் கைக்குப் போடும் இறுக்க உறை... எல்லாவற்றுக்கும். ஆனால் தேதியை யார் பார்ப்பார்கள்?

"பொண்டாட்டிக்காகச் சட்டம் போடுறான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், மசோதா அன்னிக்கே செத்துரும்," என்றாள் ஓக்ரான், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி. "மசோதா பாஸாகி சபாநாயகர் சுத்தியல் விழற வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது."

"அம்மாவுக்குமா?"

"அத்தைக்குத் தெரிஞ்சாக் குளியலகத்துக்கே தெரியும்."

அவர் சிரித்தார். பிறகு அழுதார். மசோதா இரண்டு வருஷம் குழுவிலிருந்து குழுவுக்கு அலைந்தது. அவளும் வாயைத் திறக்கவில்லை.

குளியலகத்தின் உடை மாற்றும் கூடத்தில் தரை சூடாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இடுப்பில் துண்டோடு தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்திருந்தார்கள். நம் ஊர் எம்.பி. பேசுகிறார் என்று உரிமையாளர் அம்மாள் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள். கம்பளிச் சட்டையின் பொத்தான்கூடக் கழற்றாமல் ஓக்ரான் மூலையில் உட்கார்ந்தாள்.

திரையில் தேசொப் பேசி முடித்தார். பெண்கள் கைதட்டினார்கள்.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. கோபமும் தாங்கவில்லை.

"பாத்தீங்களாடி! ஊர்ப் பொம்பளைங்க மாருக்கெல்லாம் என் புள்ள கவலைப்படுறான். அவன் பொண்டாட்டி, மாமியார் முன்னால மாரைக் காட்டக் கூச்சப்படுறா!"

கூடம் சிரித்தது. புன்ஹியும் சிரித்தாள். ஓக்ரான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சபையின் வாக்குப் பலகையில் பெயர்களுக்குப் பக்கத்தில் விளக்குகள் எரிந்தன. பச்சை. பச்சை. நடுவே சிவப்பு. மறுபடி பச்சை. ஆதரவு இருநூற்றெட்டு என்று சபாநாயகர் படித்தார். சுத்தியல் மூன்று முறை விழுந்தது.

ஓக்ரான் எழுந்தாள்.

சட்டையைக் கழற்றினாள். உள்ளாடையைக் கழற்றினாள். இடது பக்கம் பஞ்சு வைத்துத் தைத்திருந்த அது தரையில் விழுந்தது. அவள் மறைக்கவில்லை.

சிரிப்பு நின்றது. தொலைக்காட்சி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"கடவுளே..." என்றாள் புன்ஹி. "ஓக்ரான்... நான் காலையில என்னென்னவோ..."

மாமியார் எழ இரண்டு முறை முயன்றாள். மூன்றாம் முறை எழுந்துவிட்டாள். கிட்ட வந்தாள். தழும்பு அக்குளிலிருந்து நெஞ்சு நடுவரை போயிருந்தது. கிழவியின் விரல் அதன்மேல் வந்து, தொடாமல் நின்றது.

"எப்போ?"

"கிம்ச்சி போட்ட வாரம்."

"அம்மா வீட்டுக்குன்னு..."

"பொய் அத்தை. சட்டம் முடியட்டும்னு இருந்தேன். மன்னிச்சுக்குங்க."

"கூட யாரு இருந்தா?"

"அவர் ராத்திரி வந்துடுவார். பட்ஜெட் நேரமில்லையா..."

"பகல்ல? எழுந்து உக்கார, வாய் கொப்புளிக்க... யாரு?"

"பக்கத்துக் கட்டில் அம்மா. கடற்பாசிக் கஞ்சி ஊட்டினாங்க."

அதைக் கேட்டதும் மாமியாரின் முகம் உடைந்தது.

"யாரோ ஒருத்தி! யாரோ ஒருத்தி ஊட்டிச் சாப்பிட்டிருக்க! நான் இங்க உக்காந்து உன்னைத் திட்டிக்கிட்டே உப்புப் போட்டிருக்கேன்டி! ஒவ்வொரு முட்டைக்கோசுக்கும் ஒரு திட்டு... எனக்குத் தெரியக் கூடாதா? நான் என்ன, அத்தனை ஓட்டை வாயா?"

உரிமையாளர் அம்மாள் மெல்லச் சொன்னாள், "ஆமாம் பாட்டி."

கிழவி அவளை முறைத்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே மருமகளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வெற்று உடம்புகள். ஒன்று சுருங்கியது, ஒன்று பாதி.

"வா," என்றாள் பிறகு. "குளிரும்."

உள்ளே ஆவியாக இருந்தது. மாமியார் அவளைச் சின்ன முக்காலியில் உட்காரவைத்தாள். ஓக்ரான் தேய்க்கும் துணியை எடுக்கப் போனாள்.

"வை கீழே. இன்னிக்கு நான்."

"உங்க தோள் வலி..."

"வாயை மூடு. அந்தக் கையைச் சுடுதண்ணியில வைக்கலாமா?"

"கூடாது அத்தை."

"புன்ஹி! பச்சத்தண்ணி கலந்து கொண்டா. நல்லாப் பாத்துக் கலக்கு."

புன்ஹி ஓடினாள்.

மாமியார் தேய்த்தாள். கழுத்து, தோள், முதுகு. தழும்பின் ஓரம் வந்ததும் துணியை வைத்துவிட்டு உள்ளங்கையால் தடவினாள். இரண்டு வருஷமாக ஓக்ரான் தானே தொடாத இடம் அது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுற்றிலும் பெண்கள், எம்.பி. மனைவி என்று எல்லாருக்கும் தெரியும்.

மாமியார் வாளியை இரண்டு கையாலும் தூக்கி அவள் தலையில் மெல்ல ஊற்றினாள்.

"இப்ப அழு," என்றாள் காதோடு. "தண்ணின்னு நெனச்சுக்குவாங்க."

ஓக்ரான் அழுதாள். வாய்விட்டு, தோள் குலுங்க அழுதாள். அது தண்ணீர் என்று அந்தக் கூடத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. வாளி காலியானபோது, பக்கத்திலிருந்தவள் தன் வாளியை நிரப்பி மாமியாரிடம் நீட்டினாள்.