நான்கு பாஸ்போர்ட்டும் ஒரு ஜோடி பூட்ஸும்

1964 ஜூலை மாதம், ஒரு வியாழக்கிழமை முற்பகல் பதினொன்றே முக்கால் மணிக்கு, மாதுங்காவில் ராஜலக்ஷ்மி நடத்திவந்த தட்டெழுத்துப் பள்ளிக்குள் ஹோல்ம் பாதிரியார் மூச்சிரைக்க நுழைந்தார். காலில் ரப்பர் செருப்பு, முழங்கால் வரை சேறு. ஆறடி இரண்டங்குலம் உயரமுள்ள அந்த டென்மார்க்காரர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்ததும் பெஞ்சு முனகியது.

“அம்மா, எங்கள் காகிதங்கள் போய்விட்டன,” என்றார். பாளையங்கோட்டையில் இரண்டு வருஷம் படித்த தமிழ் அது.

எந்தக் காகிதங்கள் என்று ராஜலக்ஷ்மி கேட்கவில்லை. திங்கட்கிழமைதான் அவருடைய குடும்பத்துக்கான விண்ணப்பத்தை மூன்று பிரதிகள் அவளே தட்டச்சு செய்து கொடுத்திருந்தாள். இந்தியாவில் தங்குவதற்கான அனுமதி அன்றோடு முடிகிறது. கோட்டைப் பகுதியில் உள்ள அலுவலகத்தில் பாஸ்போர்ட்டுகளோடு நேரில் ஆஜராக வேண்டும். கவுண்டர் திறப்பது இரண்டு மணிக்கு, மூடுவது மூன்று மணிக்கு. தவறினால் பதினைந்து நாளில் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டியதுதான். தாராவியில் அவரும் நர்ஸான மனைவி மார்த்தாவும் நடத்தும் மருந்தகத்தைப் பூட்ட வேண்டியதுதான்.

உள்ளேயிருந்து ராஜலக்ஷ்மியின் கணவர் சுப்ரமணியன் பென்சிலும் கையுமாக வந்துவிட்டார். ரயில்வே குமாஸ்தா. முழங்கால் வலி என்று ஒரு வாரமாக லீவு போட்டுவிட்டு மர்ம நாவல்களாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தவர். திருட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் வலி போன இடம் தெரியவில்லை.

ராஜலக்ஷ்மி நிதானமாகக் கேட்டுக்கொண்டே போனாள். பாதிரியார் சொன்னது இதுதான். நான்கு பாஸ்போர்ட்டுகளும் விண்ணப்பங்களும் ஒரு பழுப்பு உறையில் மேஜை மேல் இருந்தன. புதன்கிழமை காலை எட்டரைக்குப் புகைப்படங்களை அதில் போட்டு வைத்தார். இன்று பதினோரு மணிக்குப் பார்த்தால் உறை இல்லை. கூடவே அவருடைய கறுப்பு பூட்ஸும், சலவை செய்து ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டையும் காணோம். அதே மேஜையில் இருந்த காமிரா அப்படியே இருக்கிறது. மார்த்தாவின் தங்கக் கைக்கடிகாரமும் இருக்கிறது. கதவுப் பூட்டு உடையவில்லை. புதன்கிழமை வீட்டுக்குள் வந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி சமையல்காரி ஆறுமுகத்தாய். மற்றவன் மருந்தகத்துக் கம்பவுண்டர் முகம்மது ஹனீப். பஞ்சுக் கட்டு வாங்கிப்போகப் பதினோரு மணிக்கு வந்தான்.

“அவர்களைக் கேட்டேளா?” என்றாள் ராஜலக்ஷ்மி.

இல்லை என்று பாதிரியார் தலையை ஆட்டினார். போன வருஷம் தெர்மாமீட்டர் பெட்டி காணாமல் போனபோது ஹனீபைக் கேட்டாராம். பெட்டி கடைசியில் அவருடைய பையிலேயே இருந்ததாம். ஒரு மாதம் ஹனீப் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதிலிருந்து யாரையும் எதுவும் கேட்பதில்லை என்று தீர்மானம். இன்றைய விஷயம் மார்த்தாவைத் தவிர வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறார்.

போலீஸில் எழுதிக் கொடுத்தால் பாஸ்போர்ட்டுகள் ரத்தாகும், புதியவை வர மாதக்கணக்கில் ஆகும். அரை மணி நேரம் பொறுக்கச் சொன்னாள் ராஜலக்ஷ்மி.

சுப்ரமணியனுக்குப் பொறுக்கவில்லை. “ராஜி, இது சாதாரணத் திருட்டே இல்லை. எவனோ ஒரு வெள்ளைக்காரன் பம்பாயில தலைமறைவா இருக்கான். பாதிரியார் சட்டை, பாதிரியார் பூட்ஸ், பாதிரியார் பாஸ்போர்ட். அப்படியே கப்பல் ஏறிடுவான். ஹார்பருக்கு ஒரு போன் போடட்டுமா?”

“ஆறு வயசுப் பொண்ணு பாஸ்போர்ட்டும் நாலு வயசுப் பொண்ணு பாஸ்போர்ட்டும் அவனுக்கு எதுக்குன்னா?”

சுப்ரமணியன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். ஆனாலும் ஆசாமி லேசில் விடுகிறவர் இல்லை. தெருவில் நடக்கும்போதே அடுத்த சந்தேகத்தை ஹனீப் தலையில் வைத்தார். விற்கிறவன் முதலில் எடுப்பது காமிராவைத்தான் என்று ராஜலக்ஷ்மி அதையும் முடித்துவைத்தாள்.

பாதிரியாரின் வீடு அதே தெருவில், வடக்கே நான்கு கட்டடம் தள்ளி முதல் மாடியில் இருந்தது. மார்த்தா அழுது முடித்த முகத்தோடு குழந்தைகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஹனீப் அன்றைய மருந்துக் கட்டுக்காக வந்து வாசலில் காத்திருந்தான். ராஜலக்ஷ்மி தண்ணீர் கேட்கும் சாக்கில் நேரே சமையலறைக்குள் போனாள்.

ஆறுமுகத்தாய் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு மிளகு தட்டிக்கொண்டிருந்தாள். தாராவியில் குடியிருப்பவள். இங்கே வருவதற்கு முன் மாதுங்காவில் ஒரு பாலக்காட்டு வீட்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவள். சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. அன்றைய தாளின் கீழ் மூலையில் எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்து, தாள் சுருண்டிருந்தது. ராஜலக்ஷ்மி அடுத்த பத்துத் தாள்களைப் புரட்டினாள். எதிலும் கறை இல்லை. ஜன்னல் விளிம்பில் பூட்ஸ் பாலிஷ் டப்பா இருந்தது.

“பூட்ஸுக்கு நீதான் பாலிஷ் போட்டியா?”

“ஆமா மாமி. செவ்வாக்கெழம சாயங்காலமே போட்டுட்டேன். சேத்தோட போனா ஆபீசுல மதிப்பாவளா?”

“சமையல் ஆயிடுத்தா? அவா கிளம்பணுமே.”

“மூணு மணிக்கு மேலதான பொறப்படுவாக. மெதுவா ஆகட்டும்.”

ராஜலக்ஷ்மி தண்ணீரைக் குடித்து முடித்தாள். கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். ஆறுமுகத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். சுப்ரமணியன் யாரும் ஓடிவிடாதபடி கதவை மறைத்து நின்றார்.

“உறை, பூட்ஸ், சட்டை. மூணையும் சேர்த்துப் பாருங்கோ,” என்று ஆரம்பித்தாள் ராஜலக்ஷ்மி. “திருட வந்தவன் எடுக்கற சாமான் இல்லை இது. இன்னிக்கு ஆபீசுக்குக் கிளம்பற மனுஷன் எடுத்துண்டு போற சாமான். அதுக்காகவே பாலிஷ் போட்ட பூட்ஸ், அதுக்காகவே சலவை பண்ணின சட்டை. அப்போ எடுத்தவா இந்தப் பயணம் நடக்கணும்னு நினைக்கறவா.”

மார்த்தா தலை நிமிர்ந்தாள். பாதிரியாருக்குப் பாதிதான் புரிந்தது போலிருந்தது.

“இன்னிக்கு வியாழன். தெற்கே சூலம், அதாவது தெற்குப் பக்கம் பிரயாணம் ஆகாது. கோட்டை இங்கேருந்து நேர் தெற்கு. ஒன்றரையிலேருந்து மூணு வரைக்கும் ராகுகாலம். இதை ஒருத்தர் காலண்டரில் முன்னாடியே தேடிப் பார்த்திருக்கா. இன்னிக்குத் தாளில் மட்டும் சமையல் எண்ணெய்க் கறை இருக்கு. நாள் சரியில்லைன்னா எங்காத்துலல்லாம் ஒண்ணு பண்ணுவோம். முதல் நாளே நல்ல நேரத்துல, பிரயாணத்துக்கு வேண்டிய சாமானில் கொஞ்சத்தை, போற திசையில் இருக்கற வேறொரு வீட்டில் வெச்சுடுவோம். பிரயாணம் அப்பவே தொடங்கியாச்சுன்னு கணக்கு. பரஸ்தானம்னு பேர். மறுநாள் போற வழியில் எடுத்துக்கலாம். என்ன ஆறுமுகத்தாய்?”

ஆறுமுகத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஆமா மாமி, நாந்தான் ஒரு பையில போட்டு வச்சேன். அதுக்கு எதுக்கு இத்தன கூட்டம்?”

காகிதங்கள் திருடுபோனதாக அய்யா இரண்டு மணி நேரமாகத் துடிப்பதை ராஜலக்ஷ்மி சொன்னாள். ஆறுமுகத்தாயின் கண் நிறைந்துவிட்டது. “சொல்லணும்னுதான் நெனச்சேன். பூன குறுக்க போச்சுன்னு போன வருசம் ஒரு வார்த்த சொன்னதுக்கு, ஒரு ஞாயித்துக்கெழம பூராவும் கோயில்ல அதையே பிரசங்கம் பண்ணினீக அய்யா. அதான் சொல்லல. ராகுகாலம் களிஞ்சு, மூணு மணிக்குச் சொல்லி எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன்.”

“மூணு மணிக்குக் கவுண்டர் மூடிடும்டி,” என்றாள் ராஜலக்ஷ்மி.

ஆறுமுகத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் நாட்டைவிட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் இத்தனையும் செய்தாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவள் கையாலேயே அனுப்பியிருப்பாள்.

பாதிரியார் முகம் சிவந்து ஹனீபைப் பார்த்தார். ஹனீப் பதினைந்து வருஷம் தாராவித் திருநெல்வேலிக்காரர்களோடு பழகியவன், தமிழிலேயே சொன்னான். “நம்மள ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் சாப். கேக்காம இருந்தீங்களே, அதுவும் சந்தேகம்தான். காலைல கேட்டிருந்தா இவங்களே சொல்லியிருப்பாங்க, ஒரு நிமிஷ வேலை.”

பாதிரியார் அவன் அருகே போனார். மன்னித்துக்கொள் என்று மட்டும் சொன்னார். ஹனீப் டாக்சி பிடிக்கக் கீழே ஓடினான்.

“பை எங்கே?” என்று சுப்ரமணியன் அதட்டினார்.

“தெற்குப் பக்கமா இருக்கணும், ஆறுமுகத்தாய்க்கு நம்பிக்கையான வீடா இருக்கணும், ஸ்டேஷனுக்குப் போற வழியில இருக்கணும்,” என்று ராஜலக்ஷ்மி அவர் பக்கம் திரும்பினாள். “நேத்துக் காலம்பற ஒன்பதேகாலுக்கு மேல நல்ல நேரம். அப்போ நம்மாத்து வாசல்ல யாராவது பை கொடுத்தாளான்னா?”

சுப்ரமணியனின் கை காதிலிருந்த பென்சிலுக்குப் போனது. நேற்று அந்த நேரத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தது கொலைகாரன் பிடிபடும் அத்தியாயம். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே, ‘பெஞ்சுக்கு அடியில வெச்சுட்டுப் போம்மா’ என்று சொன்ன ஞாபகம் இப்போதுதான் வந்தது. பாதிரியார் இன்று வந்து உட்கார்ந்த அதே பெஞ்சு.

சுப்ரமணியன் பையை எடுத்துவரப் பாய்ந்தார். ஆறுமுகத்தாய் குறுக்கே வந்துவிட்டாள். “இங்க கொண்டாராதீக. வச்சதத் திருப்பி வீட்டுக்குக் கொண்டாந்தா எல்லாம் வீணாப் போயிரும். போற வழிலதான் எடுக்கணும். ஒன்றரைக்குள்ள இந்த வாசலத் தாண்டிருங்க அய்யா.”

எல்லோரும் பாதிரியாரைப் பார்த்தார்கள். மணி ஒன்று ஐந்து. அவர் ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கினார், இன்னொன்றை மார்த்தா தூக்கினாள், ரப்பர் செருப்போடு படியிறங்கினார். டாக்சி தட்டெழுத்துப் பள்ளி வாசலில் நின்றது. சுப்ரமணியன் பையை நீட்ட, பாதிரியார் அந்த பெஞ்சில் உட்கார்ந்தே பூட்ஸை மாட்டினார். சட்டையை டாக்சிக்குள் மாற்றிக்கொண்டார். வண்டி கிளம்பியபோது ஒன்றரைக்கு இன்னும் பதினான்கு நிமிஷம் இருந்தது என்று சுப்ரமணியன் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு நான்கு மணி நேரம் பள்ளியில் ஒருவருக்கும் வேலை ஓடவில்லை. ஆறுமுகத்தாய் பெஞ்சில் உட்காரவும் மாட்டேன், வீட்டுக்குப் போகவும் மாட்டேன் என்று வாசலிலேயே நின்றாள். ஐந்தேகாலுக்கு டாக்சி திரும்பி வந்தது. இறங்கும்போதே பாதிரியார் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு வருஷம். சுப்ரமணியன் துள்ளியதைப் பார்த்திருந்தால் ரயில்வே டாக்டர் லீவை ரத்து செய்திருப்பார்.

அலுவலகத்தில் முத்திரை குத்திய பிரதியைப் பாதிரியார் ராஜலக்ஷ்மியிடம் கூச்சத்தோடு நீட்டினார். அவள் அழகாக அடித்திருந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்து, மேலே ஏதோ எழுதியிருந்தார். ‘இந்தியாவில் இவரைப் பற்றி விசாரிக்க வேண்டியவர்’ என்ற இடத்தில் இருந்த மிஷன் காரியதரிசியின் பெயர் போய், ஆறுமுகத்தாய், தாராவி என்று இருந்தது. தன்னுடைய தாளில் யார் பேனா வைத்தாலும் சீறுகிற ராஜலக்ஷ்மி அன்று அதை ஆறுமுகத்தாய்க்குப் படித்துக் காட்டினாள்.

ஆறுமுகத்தாய் பயந்துபோனாள். “எம் பேர எதுக்கு அய்யா சர்க்கார்ல எளுதிக் குடுத்தீக? போலீஸ்காரன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?”

“என்னைத் தெரியும் என்று சொல்ல எனக்கு இங்கே ஒரு ஆள் வேண்டாமா?” என்றார் பாதிரியார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “காலைலருந்து பட்டினி கெடக்காகன்னு சொல்லுதேன்,” என்று சொல்லிவிட்டு, மார்த்தாவிடமிருந்து தூங்கிப்போன சின்னக் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.