நான்காவது பாட்டு

செவிச்செப்பனி வந்து ஒன்பது ஆண்டுகளில் தூத்துக்குடியில் எதுவும் யாருக்கும் அலுப்பதில்லை. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதிக்கும் அரிசியளவுக் கருவி அது. பாட்டோ பேச்சோ, கேட்பவரின் நாடி தளரும் இடத்தைக் கண்டு, அவர் மனம் விரும்பும்படி அக்கணமே திருத்திவிடும்.

ஜெசிந்தா அதை வெகுகாலம் மறுத்தாள். அறுபத்திரண்டு வயதில் காது முற்றிலும் அடைத்துப்போனபோது கேட்க வேறு வழியில்லை; பதித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது ‘வற்றிய நாள்’ ஆல்பத்தை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அவளும் ரெமிஜியுஸும் போட்ட ஹெவி மெட்டல். அவள் பேஸ் கிட்டார், அவன் கிட்டாரும் குரலும். கடல் ஒரே நாளில் உள்வாங்கிப்போக, அதைத் தேடி நடக்கும் உப்பளத் தொழிலாளி ஒருவனின் கதை, எட்டுப் பாட்டுகளில்.

முதல் மூன்று பாட்டுகள் இடியாக இறங்கும். வெறுங்கரையில் நின்று அவன் கடலைக் கூப்பிட்டு அலறும் இடத்தில் கூட்டம் மொத்தமும் சேர்ந்து அலறியிருக்கிறது. நான்காவதில் எல்லாம் மணலில் சிக்கிக்கொள்ளும். பதினேழு நிமிடம். அதில் ஒன்பது நிமிடம் ரெமியின் கிட்டார்தான் மேலோங்கும். போதாததற்கு நாடகக் குரலில் ஒரு விளக்கவுரை.

“இத வெட்டுலே. சனம் தூங்கிரும்” என்றாள் அன்று.

“அவன் கடலத் தேடி நடக்கான்ட்டி. நடக்கவனுக்கு அலுக்காதா? அந்த அலுப்புதான் பாட்டே” என்றான் ரெமி.

வெட்டவில்லை. குழு உடைந்தது. அவன் பொறியாளனாகச் சனிக்கோளின் நிலவான டைட்டனுக்குப் போனான். திரும்பும் கப்பல் கிடையாது என்று தெரிந்தும் அவள் வழியனுப்பப் போகவில்லை.

இப்போது அந்த நான்காவது பாட்டு ஓடியது. கிட்டார் ஒவ்வோர் அடியாக நடந்தது. முடிந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“ரெமி, நம்ம பாட்டக் கேட்டேம்ல. நீ சொன்னதுதான் சரி. உன் கிட்டார்ல கைவைக்கவே கூடாது” என்று பேசி அனுப்பினாள்.

மூன்று மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

“எனக்கும் இங்க செப்பனி வச்சிருக்காவ. நானும் கேட்டேன். நீதான் சரி. எனக்குப் பாட்டு நாலே நிமிசம். என் கிட்டாரே இல்ல, முழுக்க உன் பேஸ்தான். அன்னைக்கு நீ வாசிச்சத நான் கேக்கவே இல்லியேட்டி.”

இருவரும் சண்டையிட்ட பாட்டு இனி இருவர் காதிலும் இல்லை. பழைய இசைத்தட்டைத் தேடி எடுத்துப் போட்டாள். காதுக்குள் வந்ததோ அதே அழகான பாட்டு. செப்பனியை அணைத்தால் எதுவுமே கேட்காது.

பேஸை எடுத்தாள். பதினேழு நிமிடத்தையும் நினைவிலிருந்து வாசித்துப் பதிவுசெய்தாள். கேட்டதென்னவோ குறையில்லாமல்தான் இருந்தது. ஆனால் மூன்று இடத்தில் நடுவிரல் கம்பியைத் தவறவிட்டதை விரல் அறியும். தன் விரல் தடுமாறுவதை அவன் கேட்க வேண்டும், கேட்டுத் திட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தது. அப்படியே அனுப்பினாள்.

“ஒரு தப்புகூட இல்லட்டி” என்றது டைட்டனிலிருந்து வந்த குரல். “அன்னைக்கு நீ கப்பலடிக்கு வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

குரல் தழுதழுத்தது. தழுதழுத்தது ரெமியா, செப்பனியா?

மறுபடி கேட்டாள். இம்முறை இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தழுதழுத்தது.