யாஷ்முல்லில் மிச்சமிருந்த க்ளிப்

மொன்தெரேயிலிருந்து வந்திருந்த ஹெரார்தோவுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அவன் வீட்டு நீச்சல் குளத்தோடு சரி. புதிதாக வாங்கிய துடுப்புக் காலணியில் கடை அட்டைகூடக் கிழியவில்லை. இந்த லட்சணத்தில் காரை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் நான்கு செனோட்டேக்களில் முங்கப் போகிறானாம். நடுவில் பன்றிக்கறிச் சாப்பாடு வேறு. செனோட்டே என்கிற, ஹோமூனில் தரைக்கடியில் இருக்கும் இந்த நன்னீர்க் குகைகளுக்குள் முப்பது வருடமாக ஆட்களைக் கூட்டிப்போகிறவன் நான். இந்த மாதிரி மேதாவிகளை நிறையப் பார்த்தாயிற்று.

மே மாத வெயிலில் என் பட்டறைத் தகரம் கொதித்தது. அவன் மேசையில் வரைபடத்தை விரித்து, என் வழிக்கயிற்றை அதன்மேல் இழுத்துக் கட்டி, போகிற இடங்களிலெல்லாம் புது க்ளிப் ஒன்றை மாட்டினான். துணி காயப்போடுகிற நினைப்பு.

குகைக்குள் க்ளிப் என்பது ஓர் ஆள். பாதை பிரியும் இடத்தில் ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதிய க்ளிப்பைக் கயிற்றில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். திரும்பும்போது தன்னுடையதை மட்டும் எடுக்க வேண்டும். ஒன்று மிச்சமிருந்தால் ஒருவர் இன்னும் உள்ளே இருக்கிறார்.

"இந்த யாஷ்முல் குகை ஏன் லிஸ்ட்ல இல்ல பெரியவரே?" வரைபடத்தில் விரலை வைத்தான் ஹெரார்தோ.

"அங்க போறதில்ல சார்."

"ஏன், பேய் புடிச்சுக்குமா?" மனைவி ரெனாத்தாவைப் பார்த்துக் கண்ணடித்தான். "முப்பது வருசமா இந்தக் கதைய வச்சுத்தான் ஓட்டுறீங்களா?"

"அங்க ஒருத்தன் செத்தான். கவனம் பத்தாத ஆளு."

இதை ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்கிறேன். முதலில் சொன்னவனும் நான்தான். செத்தவன் அவுரேலியோ, என் கூட்டாளி. அன்று சேறு கலங்கிக் கண் தெரியவில்லை. பயத்தில் தடவிப் பிடுங்கியபோது என் க்ளிப்போடு அவனுடையதும் கையில் வந்துவிட்டது. மேலே வந்துதான் பார்த்தேன். தேடப் போனவர்கள் கயிறு காலியாக இருப்பதைக் கண்டு, அந்தப் பக்கம் யாருமில்லை என்று வேறு கிளையில் இரண்டு நாள் தேடினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் க்ளிப்பை இரவோடு இரவாக யாஷ்முல்லிலேயே வீசினேன்.

திடீரென்று பட்டறைக்குள் ஈரச் சுண்ணாம்புக்கல் வாசனை.

சொட்டு. சொட்டு.

"ஏங்க," ரெனாத்தா குரலைத் தாழ்த்தினாள். "நாலு இடம்தானே? அஞ்சு க்ளிப் இருக்கு."

ஐந்தாவது யாஷ்முல்மேல் மாட்டியிருந்தது. பாசி பிடித்த பழைய க்ளிப். அதைச் சுற்றி வரைபடம் நனைந்து ஊறிக்கொண்டிருந்தது.

"அவுரேலியோ," பெயரைப் படித்தான் ஹெரார்தோ. "இன்னொரு கைடா? வரச் சொல்லுங்க, எனக்கென்ன." எடுக்கக் கை நீட்டினான்.

"தொடாதடா!" என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "உள்ள ஆள் இருக்கான்!"

அவன் கை அந்தரத்தில் நின்றது.

அப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்த ஹெரார்தோ என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் அவன் காலணியைப் பார்த்த அதே பார்வை.

"கூட வந்தவன் க்ளிப்ப எடுத்துட்டு, அவனையே குறை சொல்லிட்டுத் திரிஞ்சிருக்க. உன்ன நம்பியா நாங்க தண்ணில எறங்குறது? தூ! வா ரெனாத்தா."

வரைபடத்தைக்கூட எடுக்காமல் போனார்கள். கார்ச் சத்தம் தேய்ந்தது. சொன்னதில் மனம் கொஞ்சம் லேசாயிற்று, அதுவும் உண்மைதான். அவுரேலியோ இனி என்னை விட்டுவிடுவான் என்று நினைத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினேன்.

ஹெரார்தோவின் நான்கு புது க்ளிப்புகளும் தரையில் கிடந்தன.

கயிற்றில், யாஷ்முல்மேல், இரண்டு இருந்தன.

ஆணியில் தொங்கிய என் முங்கு உடுப்பைப் பார்த்தேன். க்ளிப் மாட்டும் வளையம் காலி.

அவுரேலியோவின் பெயருக்குப் பக்கத்தில் என் கையெழுத்தில் என் பெயர், எலூத்தேரியோ. அதிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.